சாரல் ஏன் இங்கே?

ஆனி மாதம் தென்காசிக்கு ரயிலில் வந்து இறங்குகிறவரை முதலில் எதிர்கொள்வது காற்றுதான். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் நிற்கும். ஊருக்குள் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். சில நாள் ஒரு தூறல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுர வாசலில் நுழைகிறவர்கள் வேட்டியையும் சேலையையும் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். அந்த வாசல் காற்றைப் பற்றிப் பேசாத ஊர்க்காரர் இல்லை. கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் இரவும் பகலும் சுற்றுகின்றன, ஆனால் மண் காய்ந்து கிடக்கிறது. மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் குற்றாலத்தில் சாரல். செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஏறி இறங்கினால் தென்மலையில் குடைக்கு அடங்காத மழை. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடக்கூடிய ஒரே சாலையில் காய்ந்த காற்று, ஈரக் காற்று, சாரல், பெருமழை என்று நான்கு வானிலைகளைப் பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் மாதிரிகளை உருவாக்கவும், உருவாக்கியதைத் திருத்தவும் கற்றுத்தர இதைவிடப் பொருத்தமான சாலை தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. இந்தச் சாலையை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதும், அங்கே உருவாக்குவதைவிடத் திருத்துவதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும்தான் நான் வாதிட விரும்புவது.

மாதிரி என்றதும் நம் பள்ளிகளில் நினைவுக்கு வருவது அறிவியல் கண்காட்சி. தெர்மாகோலில் செய்த எரிமலை, பேட்டரியில் சுற்றும் காற்றாலை, நீல வண்ணம் பூசிய அருவி. கைவேலை என்ற அளவில் அவை நல்லவையே. பிள்ளைகள் அவற்றைச் செய்யும்போது காட்டும் அக்கறையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கண்காட்சிக்கு வைத்த பிறகு அந்த மாதிரியில் யாரும் எதையும் மாற்றுவதில்லை. அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் பொய்த்துப் போகவும் அதற்கு வாய்ப்பில்லை. அறிவியலில் மாதிரி செய்யும் வேலை வேறு. இது இப்படி நடக்கிறது என்று ஒரு படமோ சில வாக்கியங்களோ ஒரு கணக்கோ வைத்துக்கொண்டு, அப்படியானால் அங்கேயும் இது நடக்க வேண்டுமே என்று கேட்பது. அங்கே நடக்கவில்லை என்றால் படத்தைத் திருத்துவது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் தாம்சன், ரூதர்போர்டு, போர் ஆகியோரின் அணு மாதிரிகளை வரிசையாகப் படிக்கிறார்கள். 1904, 1911, 1913 என்று பத்தே ஆண்டுகளுக்குள் ஒரு மாதிரி உடைந்து இன்னொன்று எழுந்து, அதுவும் உடைந்து மூன்றாவது வந்த கதை அது. மெல்லிய தங்கத் தகட்டில் மோதிய ஆல்ஃபா துகள்களில் சில திரும்பி வந்தது எத்தனை பெரிய அதிர்ச்சி! அந்த அதிர்ச்சி தேர்வில் “ரூதர்போர்டு மாதிரியின் குறைபாடுகள் யாவை?” என்ற சிறுவினாவாகச் சுருங்கிவிடுகிறது. குறைபாட்டை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, தான் வரைந்த ஒன்றில் குறை கண்டுபிடித்துத் திருத்திய அனுபவம் ஒருமுறைகூட வாய்ப்பதில்லை.

குற்றாலத்தில் ஆனி, ஆடியில் மட்டும் ஏன் சாரல் அடிக்கிறது என்று எட்டாம் வகுப்பில் ஒரு படம் வரையச் சொன்னால் எப்படிப்பட்ட படம் வரும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மேற்கிலிருந்து மேகம் வருகிறது, மலையில் முட்டுகிறது, மழை கொட்டுகிறது. பெரியவர்கள் பலரும் வாழ்நாள் முழுக்க இந்தப் படத்தோடுதான் இருக்கிறார்கள். இது தவறு என்று உடனே சொல்லிவிடாமல், இந்தப் படத்தை நம்பிச் சாலையில் நடந்து பார்க்க வேண்டும். மேகம் மலையில் முட்டித்தான் மழை என்றால், முட்டும் பக்கமான கேரளத்தில் மட்டுமே மழை இருக்க வேண்டும். மலைக்குக் கிழக்கே இருக்கும் குற்றாலத்துக்குச் சாரல் எப்படி வந்தது? இரண்டாவது படத்துக்கு ஆசிரியரின் உதவி தேவைப்படும். காற்று மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, குளிர்ந்த காற்றிலிருக்கும் ஈரம் நீர்த்துளிகளாகிறது என்பதை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடித்துவிடாது. அதைச் சொல்லிக்கொடுத்த பிறகு, முட்டும் மேகத்துக்குப் பதில் ஏறும் காற்று படத்துக்குள் வருகிறது. மலை இப்போது தடுப்புச் சுவராக இல்லை, காற்றை ஏற்றிவிடும் சரிவாகிவிட்டது. உச்சியில் உருவான துளிகள் எல்லாம் மேற்குப் பக்கமே விழுந்துவிட வேண்டியதில்லை, பலத்த காற்று சிறு துளிகளை உச்சி தாண்டிக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரலாம் என்பதும் படத்திலிருந்தே கிடைக்கிறது. சாரலின் துளி ஏன் அவ்வளவு பொடியாக இருக்கிறது என்ற கேள்விக்கும் அதில் பாதி விடை இருக்கிறது.

ஆனாலும் இந்தப் படம் குற்றாலத்தை விளக்கிவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் காற்று ஏறத்தானே செய்கிறது. மலைக்குக் கிழக்கே அதே அடிவாரத்தில் இருக்கும் எத்தனையோ ஊர்களுக்கு ஏன் இந்தச் சாரல் இல்லை? இங்கேதான் பயணம் உதவுகிறது. செங்கோட்டையிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் ஓரிடத்தில் வெகுவாகத் தாழ்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். 1904-ல் கொல்லம் ரயில் பாதையை மலைக்குள் கொண்டுபோனவர்கள் தேர்ந்த வழி அதுதான். 2018-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்ட பிறகும் ரயில் அதே ஆரியங்காவு வழியில்தான் போகிறது. ரயிலுக்கு வழிவிட்ட தாழ்வு காற்றுக்கும் வழிவிடுகிறது. பரந்து வரும் காற்று குறுகிய வழியில் நுழையும்போது வேகம் கூடும் என்பதற்குத் தென்காசிப் பிள்ளைகளுக்குச் சோதனைக்கூடம் வேண்டாம். கோபுர வாசல் இருக்கிறது. வாசலில் கண்டதைக் கணவாய்க்குப் பொருத்திப் பார்ப்பது மாதிரியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் பயிற்சி. மூன்றாவது படத்தில் கணவாய் வந்துவிட்டது. அதையும் சோதிக்க வேண்டும். கணவாய் மட்டுமே போதும் என்றால் பாலக்காட்டுக் கணவாய் இதைவிடப் பல மடங்கு அகலமானதாயிற்றே. அந்தக் கணவாயின் நடுவெளியில் ஏன் ஒரு குற்றாலம் இல்லை? அங்கே காற்று தாராளமாக வருகிறது, கோவைப் பக்கம் தூறலும் போடுகிறது, ஆனால் நடுவெளியில் அந்தக் காற்றை ஏற்றிக் குளிரவைக்க மலை இல்லை. குற்றாலத்தில் கணவாயும் இருக்கிறது, அதை ஒட்டி உயர்ந்த திரிகூடமலையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வரைந்தால்தான் படம் நிற்கிறது.

கணக்குப் போடத் தெரிந்த வகுப்பு இன்னும் ஒரு படி போகலாம். ஈரம் நீராக மாறாத வரை காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். மேகம் உருவாகத் தொடங்கிவிட்டால், நீராவி நீராகும்போது வெளியாகும் வெப்பத்தால் குளிர்ச்சி கிலோமீட்டருக்கு 6 டிகிரி அளவுக்குக் குறையும். கேரளப் பக்கம் 28 டிகிரியில் இருக்கும் காற்று 500 மீட்டர் ஏறி 23 டிகிரிக்கு வருகிறது, அங்கே மேகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 1000 மீட்டர் ஏறினால் 17. ஈரத்தையெல்லாம் மேற்கே இறக்கிவிட்டுக் கிழக்கே 1500 மீட்டர் இறங்கினால், இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடாகி 32 டிகிரியில் வந்து சேரும். ஏறியது 28-ல், இறங்கியது 32-ல். சங்கரன்கோவில் பக்கத்து ஆடிக் காற்று ஏன் உதட்டை உலர்த்துகிறது என்பதை இந்தச் சிறு கணக்கு அழகாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதே கணக்கு குற்றாலத்தில் தோற்றுப் போகிறது. குற்றாலமும் கிழக்கு அடிவாரம்தான். அங்கேயும் சூடல்லவா இருக்க வேண்டும்? சீசனில் அங்கே போய் வந்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். தோல்விக்குக் காரணம் தேடினால் நாம் கேட்காமல் விட்ட அனுமானம் ஒன்று வெளிப்படும்: ஈரத்தையெல்லாம் மேற்கே இறக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். கணவாய் வழி வரும் காற்று அவ்வளவு உயரம் ஏறுவதே இல்லை, ஈரத்தை முழுக்க இழப்பதும் இல்லை. கூடவே வரும் பொடித்துளிகள் இறங்கும் காற்றில் ஆவியாகி அதைக் குளிர்விக்கின்றன. மலைமேல் நிற்கும் மேகம் வெயிலையும் மறைக்கிறது. விடை தவறாக வந்த கணக்குதான் இங்கே அதிகம் கற்றுத்தந்தது. சரியான விடை வந்திருந்தால் அந்த அனுமானத்தை யாரும் திரும்பிப் பார்த்திருக்கப் போவதில்லை.

பிள்ளைகள் நடக்கும் இந்தப் பாதையில்தான் பருவமழையை ஆராய்ந்தவர்களும் நடந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1686-ல் எட்மண்ட் ஹாலி, வால்மீனோடு பெயர் சேர்ந்த அதே ஹாலி, கோடையில் நிலம் கடலைவிடச் சூடாவதால் கடற்காற்று நிலத்தை நோக்கி வருகிறது என்று பருவக்காற்றுக்கு ஒரு மாதிரி தந்தார். அப்படியானால் காற்று ஏன் நேர் தெற்கிலிருந்து வராமல் தென்மேற்கிலிருந்து வருகிறது? 1735-ல் ஜார்ஜ் ஹேட்லி பூமியின் சுழற்சியைப் படத்துக்குள் கொண்டுவந்தார். தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பிறகு, மழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டிய நெருக்கடி வந்தது. 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயத்துப் பனியை ஒரு காரணியாகச் சேர்த்தார். 1904 முதல் 1924 வரை துறையை நடத்திய கில்பர்ட் வாக்கர் என்ற கணிதவியலாளர், இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் காற்றழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்குவதைக் கண்டு சொன்னார். தாது வருடத்தில் தாத்தா பாட்டிகள் பட்ட பாட்டுக்கும் பசிபிக் கடலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அதற்கு முன் யார் நினைத்திருப்பார்கள்? பிற்காலத்தில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் சுலோசனா காட்கில், ஹாலியின் அடிப்படைப் படத்தையே கேள்விக்கு உள்ளாக்கினார். நிலத்தின் சூடுதான் மழையை இழுக்கிறது என்றால் சூடு உச்சத்தில் இருக்கும்போது மழையும் உச்சத்தில் இருக்க வேண்டும்; மழை பொய்த்த ஆண்டுகளில்தானே நிலம் அதிகம் கொதிக்கிறது? நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைமேகப் பட்டை பருவத்தோடு வடக்கே நகர்ந்து வருவதே பருவமழை என்ற படத்தை அவர் வலியுறுத்தினார். அவர் எழுப்பிய ஐயத்தைத் தென்காசிப் பிள்ளையும் எழுப்ப முடியும். அக்கினி நட்சத்திரம் வைகாசிக்குள் முடிந்துவிடுகிறது, சாரல் ஆனியில்தான் தொடங்குகிறது, ஆடியில்தான் வலுக்கிறது. நம்மில் பலர் பள்ளியில் படித்த கடற்காற்று விளக்கத்தை, பஞ்சாங்கத்தையும் வாசல் வெயிலையும் வைத்தே ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அசைத்துப் பார்க்கலாம்.

சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. மழைக்காலத்தில் நாளிதழ்களின் நெல்லை, தென்காசிப் பதிப்புகளைப் பிரித்தால் அணைகளின் நீர்மட்டமும், காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பெய்த மழையும் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். கடையம் பக்கத்துக் கடனா, ராமநதி, கடையநல்லூர் பக்கத்துக் கருப்பாநதி, செங்கோட்டையை அடுத்த குண்டாறு, மேக்கரையில் அடவிநயினார். ஐந்தும் ஒரே மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் வடக்கு தெற்காக அமைந்தவை. ஆனியில் எது முதலில் நிரம்பும்? கணவாய்ப் படத்தை நம்புகிற பிள்ளை குண்டாறு என்று சொல்லும். பல ஆண்டுகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது. மாதிரி வென்றுவிட்டது என்று கைதட்டும் முன் இன்னொரு பிள்ளை எழுந்து, குண்டாறு அணை 36 அடிதான், அடவிநயினார் 132 அடி, சின்ன அணை சீக்கிரம் நிரம்பத்தானே செய்யும் என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றால் ஆசிரியர் கேட்க வேண்டும். ஒரே நிகழ்வை இரண்டு மாதிரிகள் விளக்கிவிட்டால் எதைக் கொண்டு தீர்ப்பது? நீர்மட்டத்தை விட்டுவிட்டு மழை மில்லிமீட்டரை எடுக்க வேண்டும். அணையின் கொள்ளளவு மழைமானியை ஏமாற்றாது. ஒரு மாதம் செய்தித்தாளை வெட்டி ஒட்டி, ஐந்து இடத்து மழையையும் கட்டத்தாளில் வரைந்தால் கணவாய்ப் படம் நிற்கிறதா சாய்கிறதா என்று பார்க்கலாம். ஒரு சான்று எதற்குச் சான்று, எதற்குச் சான்று இல்லை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும். பாடப்புத்தகத்தில் அதற்கென்று எத்தனை பத்தி எழுதினாலும் வராது.

இதனால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அளந்து சொல்ல ஓரளவு சான்று இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனஸும் மால்கம் வெல்ஸ் என்ற பள்ளி ஆசிரியரும் 1980-களில் இயற்பியலை மாதிரிகளின் வழியே கற்பிக்கும் முறையை வளர்த்தார்கள். பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து சிறு வெள்ளைப் பலகையில் தங்கள் விளக்கத்தை வரைந்து, மற்றவர்கள் முன் நிறுத்தி வாதிட்டு, அழித்துத் திருத்துவார்கள். விசையைப் பற்றிய அடிப்படைப் புரிதலைச் சோதிக்க ஹெஸ்டனஸ் குழு 1992-ல் வெளியிட்ட வினாத்தாளைப் பயன்படுத்தி, ரிச்சர்டு ஹேக் 1998-ல் 62 வகுப்புகள், 6,542 மாணவர்களின் விவரங்களைத் தொகுத்தார். தொடக்கத்தில் தெரியாமலிருந்ததில், விரிவுரை கேட்டே படித்த வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டைத்தான் பிடித்தன. மாணவர்கள் செய்தும் பேசியும் பதில் பெற்றும் கற்ற வகுப்புகள் 48 விழுக்காட்டைப் பிடித்தன. இரண்டாவது வகையில் எல்லாமே மாதிரி வழிக் கல்வி இல்லை, பல முறைகளும் கலந்திருந்தன. மாதிரிதான் காரணம் என்று அந்த எண்ணிக்கையை வைத்து யாரும் முழங்கக் கூடாது. ஆனால் நன்றாக விளக்கிவிட்டால் போதும், பிள்ளைக்குப் புரிந்துவிடும் என்ற நம் நெடுநாள் நம்பிக்கைக்கு அது பலத்த அடி. நன்றாக விளக்கியவர்களும் அந்த 23-க்குள் இருந்தார்கள்.

தவறான படத்தை வரையவிட்டால் தவறே மனதில் பதிந்துவிடும் என்பது ஆசிரியர்கள் சொல்லும் முதல் மறுப்பு. அக்கறையில் எழும் பயம் இது, எளிதாகத் தள்ளிவிடத் தக்கதல்ல. ஆனால் வரையவிடாவிட்டால் மனதில் படம் இல்லை என்று ஆகிவிடுமா? ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், பூமி உருண்டை என்று சரியாகச் சொன்ன பிள்ளைகளில் பலர் மனதுக்குள் வேறு பூமியை வைத்திருந்தது தெரியவந்தது. சிலர் உருண்டைக்கு உள்ளே தட்டையான தளத்தில் மனிதர்கள் நிற்பதாக நினைத்தார்கள்; சிலருக்கு இரண்டு பூமிகள், வானத்தில் உருண்டையாக ஒன்று, காலடியில் தட்டையாக ஒன்று. சொல்லிக்கொடுத்ததை அவர்கள் மறுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த படத்துக்குள் அதைத் திணித்து வைத்துக்கொண்டார்கள். அதேபோல் மழை மறைவுப் பிரதேசம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, மேகம் மலையில் முட்டும் படத்தை அப்படியே வைத்திருக்க முடியும். காகிதத்துக்கு வராத படத்தைத் திருத்த ஆசிரியருக்கு வழியே இல்லை.

விஞ்ஞானிகள் முந்நூறு ஆண்டுகள் எடுத்ததை எட்டாம் வகுப்பு நான்கு பீரியடில் கண்டுபிடிக்குமா என்பது அடுத்த மறுப்பு. கண்டுபிடிக்காது; அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. போல் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்டு கிளார்க் மூவரும் 2006-ல் வழிகாட்டல் இல்லாத கற்றலைக் கடுமையாக விமர்சித்தார்கள், அவர்கள் விமர்சனத்தில் பெரும்பகுதி நியாயமானது. ஏறும் காற்று குளிரும் என்பதை ஆசிரியர் சொல்லத்தான் வேண்டும். எப்போது சொல்வது என்பதில்தான் வித்தியாசம். பிள்ளையின் படம் தடுக்கி நின்ற இடத்தில் சொன்னால் அந்தச் செய்தி உடனே வேலைக்குப் போகிறது. முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டால் குறிப்பேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்து வருவது நேரமும் பாடத்திட்டமும். இதில் ஆசிரியர்கள் பக்கம் நியாயம் அதிகம். நாற்பது ஐம்பது பேர் இருக்கும் வகுப்பு, முடிக்க வேண்டிய பகுதிகள், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் செய்ய வேண்டிய பதிவுகள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்வது கொடுமை. ஒரு பருவத்துக்கு ஒரு தலைப்பு போதும், அதுவும் உள்ளூரில் சான்று கொட்டிக் கிடக்கும் தலைப்பாக இருந்தால் போதும். நம் நாட்டின் அரசுப் பள்ளிகளில் நடக்கவே நடக்காது என்று சொல்பவர்கள் ஹோஷங்காபாத்தை நினைக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், பின்னர் ஏகலைவியா அமைப்பின் துணையோடு ஆயிரத்தை ஒட்டிய பள்ளிகளுக்குப் பரவி முப்பது ஆண்டுகள் நடந்தது. கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்து தாங்களே முடிவுக்கு வந்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 2002-ல் அரசு அதை நிறுத்தியது. நிறுத்தப்பட்டதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஏழை மாவட்டத்து அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஓடிய ஒன்றை நடக்க முடியாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைக் கருவிகளைக் கொண்டுபோகிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முயற்சியால் பிள்ளைகள் சொந்த ஊரையே ஆய்வுப் பொருளாக எடுக்கிறார்கள். கருவியும் இருக்கிறது, களமும் இருக்கிறது. சோதனை முடிந்த பிறகு முதலில் வரைந்த படத்தை எடுத்துத் திருத்தும் அந்த ஒரு பீரியட்தான் இல்லை.

இந்த வேலைக்கு உயிர்ப் பிரச்சினையோடும் தொடர்பு உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓட, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அருவிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்ற படம் மனதில் இருப்பவர் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து நிம்மதி அடைய மாட்டார். கண்ணுக்குத் தெரியாத மலைமேல் எத்தனையோ ஓடைகள் மழையைத் திரட்டி ஒரே வாயில் கொண்டுவந்து கொட்டுகின்றன என்று அவருக்குத் தெரியும். சாரல் காலத்துப் படத்தை வைத்தே எல்லா மாதத்தையும் எடைபோடக் கூடாது என்பதும் தெரியும். மே மாத மழை கோடை இடியோடு ஓரிடத்தில் கொட்டித் தீர்ப்பது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் திசையே மாறிவிடுகிறது. கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் குற்றாலப் பக்கம்தான் ஏறுசரிவு. சாரலுக்கு வரைந்த படத்தில் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுவதும், குளிக்கத் தடை விதிப்பதும் ஏன் அந்த மாதங்களில் அடிக்கடி செய்தியாகின்றன என்பது விளங்கும். வெவ்வேறு பாடமாகப் படித்த தென்மேற்கும் வடகிழக்கும் ஒரே மாதிரியின் இரண்டு நிலைகளாகச் சேர்ந்துவிடுகின்றன. மழை நின்ற பிறகும் அருவி ஏன் நாள்கணக்கில் விழுகிறது, பங்குனியில் ஏன் பாறை மட்டும் மிஞ்சுகிறது என்று கேட்கத் தொடங்கினால் காட்டு மண்ணும் வேரும் பிடித்து வைக்கும் நீர் படத்துக்குள் வந்தாக வேண்டும். மலைமேல் காடு குறைந்தால் படம் எப்படி மாறும் என்ற கேள்வி அதற்கடுத்து வரும். அதற்கு விடை தேடும் வயதில் அந்தப் பிள்ளைகள் வாக்காளர்களாகியிருப்பார்கள்.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது என்ற கடைசி மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். எது மதிப்பெண் பெறுமோ அதுதான் படிக்கப்படும். ஆகவே கேள்வித்தாளிலேயே தொடங்கலாம். ஆனி மாதத்தில் ஒரு வாரத்துக்கு ஐந்து அணைப் பகுதிகளிலும் பெய்த மழையை மில்லிமீட்டரில் அட்டவணையாகக் கொடுக்கலாம். பக்கத்தில் மேகம் மலையில் முட்டும் படத்தை அச்சிடலாம். இந்தப் படம் அட்டவணையின் எந்த எண்ணை விளக்கவில்லை, அதற்காகப் படத்தில் எதை மாற்றுவாய், மாற்றிய படம் சரியென்றால் ஐப்பசியில் அட்டவணை எப்படி இருக்கும் என்று மூன்று கேள்விகள் கேட்கலாம். ஐப்பசி பற்றிய கணிப்பு பின்னால் பொய்த்தாலும் படத்தோடு பொருந்தி நிற்கும் காரணத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பின் பருவத்தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு வினா வைக்க எந்தச் சட்டமும் திருத்தப்பட வேண்டியதில்லை. வினாவுக்குரிய எண்களைச் செங்கோட்டைப் பேருந்து நிலையக் கடையில் வாங்கும் செய்தித்தாளே தருகிறது.